ஆலன் கீ கிடைக்காத சனிக்கிழமை

என் பிறந்தநாளுக்கு மச்சினன் ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி வாங்கிக்கொண்டு வந்தான். கறுப்பு நிறம், ஒரு பிடி நீளம், தலைமாட்டில் ஒரு கவ்வி, அதில் ஒரு திருகாணி. இணையத்தில் இருபது டாலர் சொச்சம்.

"அத்தான், இது உங்க குளோக் பிஸ்டலுக்கு முன்னாடி மாட்டுறது. ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுச் சுடலாம். வீடியோல பார்த்தேன், செம கெத்தா இருக்கு."

டாலஸ் புறநகரில் எங்கள் வீடு. அன்று சனிக்கிழமை, கூடம் நிறைய ஆட்கள், அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தது. திருகாணியைச் சுற்ற ஆலன் கீ என்ற எல் வடிவச் சாவி வேண்டும். அலமாரி, கட்டில் எல்லாம் பூட்டி முடித்தபின் மிஞ்சியவை ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். அந்த டப்பாவைக் காணோம். கார் டிக்கியிலும் பார்த்தோம். "வீட்ல இத்தனை பேர் இருக்காங்க, இப்பத்தான் துப்பாக்கியை எடுக்கணுமா?" என்று மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுக்க, கைப்பிடியைத் துப்பாக்கிப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் போட்டு மூடிவிட்டேன்.

அந்த டப்பா கிடைத்திருந்தால், பிரியாணிச் சட்டியைத் திறப்பதற்குள் என் வீட்டில் பதிவு செய்யாத ஆயுதம் ஒன்று தயாராகியிருக்கும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பத்து ஆண்டுகள் வரை சிறை. கொஞ்சமும் மிகைப்படுத்தவில்லை. திருகாணியைச் சுற்ற இரண்டு நிமிஷம் போதும்.

மறுநாள் காலை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போனேன். அங்கே மேற்பார்வைக்கு ஒரு பெரியவர் உண்டு, எழுபதை நெருங்குகிற டெக்சாஸ்காரர், எதற்கும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. காது மூடியை எடுக்க ஜிப்பைத் திறந்தபோது கைப்பிடி மேஜையில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், என் குளோக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, உன்கிட்ட ரைஃபிள் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்படின்னா அதைக் கொண்டுபோய் கார்ல வெச்சிட்டு வா. அப்புறம் பேசுவோம்."

பிறகு பேசினார். வீட்டுக்கு வந்து நானும் படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சலும் வியப்பும் மாறி மாறி வந்தன.

குழலுக்கு அடியில் பள்ளம் பள்ளமாக ஒரு தண்டவாளம் இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். குளோக் 17 போன்ற பிஸ்டல்களில் அது தொழிற்சாலையிலேயே வருகிறது. டார்ச் விளக்கு மாட்டலாம், லேசர் மாட்டலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதே பள்ளத்தில், அதே திருகாணியில், நேராகக் கீழே தொங்கும் ஒரு கைப்பிடியை மாட்டினால் அது பிஸ்டல் இல்லையாம். சட்டத்தின் கண்ணில் அது 'வேறெந்த ஆயுதமும்' என்ற வகைக்குள் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் 'எனி அதர் வெப்பன்', சுருக்கமாக ஏ.ஓ.டபிள்யூ. என்பார்கள். எந்தப் பெட்டியிலும் அடங்காததைப் போடுவதற்கென்று ஒரு பெட்டி. அதில் விழுந்தால் பதிவு செய்தே ஆகவேண்டும்.

காரணம் பிஸ்டலுக்கான விளக்கத்தில் இருக்கிறது. ஒரு கையால் பிடித்துச் சுடுவதற்கென்று முதலில் வடிவமைக்கப்பட்டு, தயாரிக்கப்பட்டு, உத்தேசிக்கப்பட்ட ஆயுதம்தான் பிஸ்டல் என்கிறது கூட்டாட்சி விதி. குழலுக்குக் கோணமாகக் கீழிறங்கும் குட்டைப்பிடி ஒன்று, அதுவும் ஒரு கைக்கானது. முன்னால் இன்னொரு பிடியைத் தொங்கவிட்டால் இது இரண்டு கைக்கான ஆயுதம், ஆகவே பிஸ்டல் இல்லை. குழல் குட்டையாக இருப்பதால், தோளில் வைத்துச் சுடும் கட்டையும் இல்லாததால் ரைஃபிளும் இல்லை. உடம்பில் மறைத்து எடுத்துப்போக முடியும். ஆகவே ஏ.ஓ.டபிள்யூ. துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப். பணியகம் 2006இல் இதைத் திறந்த கடிதமாகவே எழுதிவைத்திருக்கிறது.

ஒரு கையாம்! அந்த ரேஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்பார்கள். ஒருவர்கூட ஒற்றைக் கையால் சுட்டு நான் பார்த்ததில்லை. வலக்கை பிடியைச் சுற்ற, இடக்கை அதன்மேல் போர்த்திக்கொள்ளும். முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவது அதைத்தான். 1950களில் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரக் காவலர் ஜாக் வீவர் போட்டிகளில் இரண்டு கையால் பிடித்துச் சுட்டு ஜெயிக்க ஆரம்பித்தார். அந்த நிலைக்கே வீவர் நிலை என்று பெயர் வந்துவிட்டது. அதற்குமுன் பழைய படங்களில் வருவதுபோல, ஒரு கையை நீட்டி, மறு கையை இடுப்பில் ஊன்றி, ராணுவ அதிகாரி மாதிரி நின்று சுடுவார்கள். சட்ட வாசகம் இன்னும் அந்தப் போஸிலேயே நிற்கிறது.

பெரியவரிடம் இதைக் கேட்டேன். "நீ எப்படிப் பிடிக்கிறேங்கிறது அவங்களுக்கு வேண்டாம். பொருள் எதுக்குன்னு செஞ்சிருக்குங்கிறதுதான் அவங்க கணக்கு" என்றார். அதாவது, ஒரே பிடியை இரண்டு கையால் பிடிப்பது என் பழக்கம். இரண்டாவது பிடி ஒன்றை மாட்டுவது பொருளின் வடிவத்தையே மாற்றுவது. வாதம் முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் 'முதலில் வடிவமைக்கப்பட்ட' என்று சட்டமே சொல்லும்போது, பிற்பாடு நான் மாட்டும் திருகாணி அந்த முதலை எப்படி மாற்றும் என்ற கேள்வி எழத்தானே செய்யும்? 1993இல் தென் கரோலினாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றமும் ஏறத்தாழ இப்படித்தான் யோசித்து ஏ.டி.எஃப். தரப்பு வாதத்தை ஏற்க மறுத்தது. பணியகம் தன் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. இன்னொரு மாநிலத்தில் இருக்கும் நான் அந்தத் தீர்ப்பைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுவதில் பயனில்லை.

ஏ.ஓ.டபிள்யூ. பெட்டி எப்படி வந்தது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. மதுவிலக்குக் காலத்துக் கும்பல் சண்டைகளுக்குப் பின், 1934இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட தேசியத் துப்பாக்கிச் சட்டத்தில் வந்தது அது. முதல் வரைவில் பிஸ்டலும் ரிவால்வரும் பட்டியலில் இருந்தன. மறைத்து எடுத்துப்போகும் துப்பாக்கிதான் குற்றவாளிகளின் ஆயுதம் என்று அட்டர்னி ஜெனரல் ஹோமர் கம்மிங்ஸ் வாதாடினார். கைத்துப்பாக்கியைக் கட்டுப்படுத்தினால், ஜனங்கள் ரைஃபிளின் குழலை அறுத்துக் கைத்துப்பாக்கி ஆக்கிக்கொள்வார்களே! அதனால் குட்டைக் குழல் ரைஃபிளும் சேர்க்கப்பட்டது. கைத்தடிக்குள் ஒளித்த துப்பாக்கி, பேனா வடிவத் துப்பாக்கி போன்ற கில்லாடிச் சாமான்களுக்காக 'வேறெந்த ஆயுதமும்' வந்தது. பிறகு எதிர்ப்புக் கிளம்பவே பிஸ்டலையும் ரிவால்வரையும் பட்டியலிலிருந்து உருவிவிட்டார்கள். சுற்றிப் போட்ட வேலி மட்டும் நின்றுவிட்டது. மாடு எப்போதோ வெளியே போய்விட்டது, தொண்ணூறு வருஷமாகக் காலித் தொழுவத்துக்குக் காவல். என் மச்சினன் வாங்கிவந்த பிளாஸ்டிக் துண்டு அந்த வேலியில் சிக்கியது.

கூட்டாட்சி அரசுக்குத் தடை செய்யும் அதிகாரம் இருக்கிறதா என்று அன்றைக்கே சந்தேகம் இருந்ததால், அதை வரிச் சட்டமாக எழுதினார்கள். தயாரிக்க 200 டாலர், கைமாற்ற 200 டாலர். அந்நாளில் ஒரு தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலையும் ஏறத்தாழ அதுதான். 1937இல் உச்ச நீதிமன்றமும் இது வரிதான், போடலாம் என்று சொல்லிவிட்டது. ஏ.ஓ.டபிள்யூ. மட்டும் சலுகைப் பிள்ளை. கைமாற்ற ஐந்தே டாலர். இதில் ஒரு வேடிக்கை. நானே கைப்பிடியை மாட்டினால் தயாரிப்பு வரி 200. அதற்கான உரிமம் உள்ள தயாரிப்பாளரிடம் பிஸ்டலைக் கொடுத்து, அவர் மாட்டித் திருப்பித் தந்தால் கைமாற்று வரி 5. அதே திருகாணி, அதே சுற்று. சுற்றுகிறவரைப் பொறுத்து 195 டாலர் வித்தியாசம்.

இதெல்லாம் 2025 வரை. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்தில் இதுவும் ஒரு மூலையில் இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் ஏ.ஓ.டபிள்யூ., குட்டைக் குழல் ரைஃபிள், சைலன்சர் எல்லாவற்றுக்கும் வரி பூஜ்ஜியம். இயந்திரத் துப்பாக்கிக்கும் குண்டு வகையறாவுக்கும் மட்டும் பழைய 200. வரியே இல்லாதபோது வரிச் சட்டத்தின் பதிவேடு எதற்கு என்று கேட்டு வழக்குகளும் போட்டிருக்கிறார்கள். ஆனால் வரி போனதே தவிரப் பதிவு போகவில்லை. இங்கேதான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். 'டாக்ஸ் ஜீரோ' என்ற செய்தியைக் கேட்டுவிட்டு மாட்டிக்கொண்டால், குற்றம் அப்படியே இருக்கிறது.

முறையாகப் போவது என்றால் இப்படி: ஃபார்ம் 1 என்ற விண்ணப்பம். இரண்டு கைரேகை அட்டை, புகைப்படம். உள்ளூர்க் காவல் தலைவருக்கு ஒரு பிரதி. பிறகு காத்திருப்பு. ஒப்புதல் கைக்கு வந்தபிறகுதான் திருகாணியைத் தொடலாம். 'மாட்டிவிட்டு அப்புறம் அனுப்பிக்கொள்ளலாம்' என்பது ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும் வேலையல்ல. முதலில் காகிதம், பிறகு கைப்பிடி. வரிசை மாறினால் காகிதமே வாக்குமூலம் ஆகிவிடும்.

அப்புறம் பெயர் பொறிப்பு. ஏ.ஓ.டபிள்யூ. ஆக்குகிறவன் 'தயாரிப்பாளர்' என்பதால், தன் பெயர், ஊர், மாநிலம் ஆகியவற்றைத் துப்பாக்கியில் பொறிக்கவேண்டும். ஆழம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்காவது இருக்கவேண்டும். என் பெயரும் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகிவிட்ட அப்பா பெயரும் சேர்ந்தால் குளோக்கின் நீளம் போதாது. எட்டு அங்குலம்தானே அது.

நீளம் என்றதும் 26 அங்குலக் கணக்கு நினைவுக்கு வருகிறது. மொத்த நீளம் 26 அங்குலத்தைத் தாண்டினால் 'உடம்பில் மறைக்கக்கூடிய' என்ற நிபந்தனைக்குள் அது வராது என்பது ஏ.டி.எஃப். எடுத்திருக்கும் நிலை. ரைஃபிள் சாயலில் வரும் ஏ.ஆர். வகைப் பெரிய பிஸ்டல்களில் நேர்ப்பிடி மாட்டி வைத்திருப்பவர்கள் இதை நம்பித்தான் மாட்டுகிறார்கள். அப்போது அது பிஸ்டலும் இல்லை, ரைஃபிளும் இல்லை, வெறும் 'துப்பாக்கி'. கோட்டுக்குள் மறைத்து எடுத்துப்போனால் மறுபடி ஏ.ஓ.டபிள்யூ. ஆகிவிடும், அதையும் கவனிக்கவேண்டும். அளக்கும்போது குழலுக்கு இணையாக, முனையிலிருந்து பின்கோடி வரை அளக்கவேண்டும். முனையில் திருகிக் கழற்றக்கூடிய உறுப்பைச் சேர்த்து அளந்தால் செல்லாது, நிரந்தரமாகப் பற்றவைத்திருந்தால்தான் கணக்கு. கை தாங்கும் பிரேஸையும் சேர்க்காமல் அளப்பதே புத்திசாலித்தனம். கால் அங்குலத்தில் பிழைத்தேன் என்று சொல்லும் ஆளிடமிருந்து நான் தள்ளியே நிற்பேன்.

நேர்ப்பிடிதான் வம்பு, சாய்ந்த பிடி இல்லை. துப்பாக்கி உதிரிகள் செய்யும் மேக்புல் நிறுவனத்தின் சாய்பிடி பற்றிக் கேட்டபோது, அதைக் கைத்துப்பாக்கியில் மாட்டினாலும் ஏ.ஓ.டபிள்யூ. ஆகாது என்று பணியகம் பதில் எழுதியது. விரல் முன்னே நழுவாமல் தடுக்கும் சின்ன முட்டு, அதாவது ஹேண்ட் ஸ்டாப், அதுவும் பரவாயில்லை. எத்தனை டிகிரி சாய்ந்தால் சாய்வு என்று சட்டத்தில் எண் இல்லை. அதனால் 'கிட்டத்தட்டச் சாய்வு' என்று விற்கப்படும் பெயர் தெரியாத சாமான்களைத் தவிர்த்துவிட்டு, பணியகத்தின் பதில் உள்ளதையே வாங்குவது நல்லது.

இந்த விதி தொழிற்சாலைகளின் வடிவமைப்பையே வளைத்திருக்கிறது. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்தின் எம்.பி.5கே என்ற குட்டை இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் நேர்ப்பிடி உண்டு. குழல் அவ்வளவு குட்டை என்பதால் கை முனைக்கு முன்னால் போய்விடாமல் இருக்க அது தேவை. 1989இல் அதையே பொதுமக்களுக்கான எஸ்.பி.89 என்று அமெரிக்காவுக்கு அனுப்பியபோது அந்தப் பிடியை எடுத்துவிட்டார்கள். உருண்டையாக ஒரு முன்பகுதி, நுனியில் விரல் நழுவாமல் ஓர் உதடு. இயந்திரவியல் கேட்டது பிடியை, சட்டம் கொடுத்தது உதட்டை. இத்தாலியின் பெரெட்டா 93ஆர் பிஸ்டலில் மடக்கி விரிக்கும் முன்பிடியே உண்டு. விசையை ஒருமுறை இழுத்தால் மூன்று குண்டு பாயும் பிஸ்டல் அது, அதற்குப் பிடி வேண்டும்தான். என் குளோக் ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு. அதன் உதைப்புக்கு இரண்டு கையும் ஒரே பிடியில் இருப்பதே போதும். நேர்ப்பிடி மாட்டினால் இடக்கை வலக்கையைவிட்டு விலகி, குழல் முனைக்கு இரண்டு விரற்கடை பின்னால் போய் நிற்கும். கெத்து இருக்கலாம். குறி கெடும், கையும் ஆபத்தில் இருக்கும்.

பெரியவர் ரைஃபிள் இருக்கிறதா என்று ஏன் கேட்டார் என்பது பிற்பாடுதான் விளங்கியது. நேர்ப்பிடியை ரைஃபிளில் மாட்டலாம், கூட்டாட்சிச் சட்டத்தில் தடையில்லை. ரைஃபிள் வைத்திருப்பவன் பையில் அது இருந்தால், எதற்கு என்ற கேள்விக்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. 1992இல் தாம்சன் சென்டர் என்ற நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த வழக்கின் சாரமும் கிட்டத்தட்ட இதுதான். உதிரிகளைச் சட்டப்படியான ஒன்றாகவும் பூட்ட முடியுமென்றால், அவை சேர்ந்து கிடப்பதாலேயே தடைப்பட்ட ஆயுதம் தயாரித்ததாகாது. என்னிடம் ரைஃபிள் கிடையாது. ஒரு பிஸ்டல், ஒரு நேர்ப்பிடி. "எதுக்கு வெச்சிருக்கே?" என்று யாராவது கேட்டால், "மச்சினன் கொடுத்தான்" என்பது ஒரு பதிலா?

மாநிலம் மாறினால் கதை இன்னும் மாறும். டெக்சாஸ்காரர்களுக்குத் தலைவலி கூட்டாட்சிச் சட்டம் மட்டுமே. கலிஃபோர்னியாவில், கழற்றக்கூடிய மேகசின், அதாவது தோட்டாக்கூடு, உள்ள பிஸ்டலில் 'இரண்டாவது கைப்பிடி' இருந்தாலே அது 'தாக்குதல் ஆயுதம்' என்ற தடைப் பட்டியலில் சேர்ந்துவிடும், நியூயார்க்கிலும் அதே போக்கு. அங்கே ஃபார்ம் 1 உங்களைக் காப்பாற்றாது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேக்கு வேலை மாறிப்போகிற நம்மவர்கள் வீட்டுச் சாமானோடு துப்பாக்கிப் பெட்டியையும் லாரியில் ஏற்றுமுன் இதைப் படிக்கவேண்டும்.

ஊரில் எங்கள் தாத்தாவிடம் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. தேர்தல் அறிவித்ததும் அதைத் துணியில் சுற்றி, சைக்கிளில் கட்டி, காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். முடிவு வந்தபின் போய் மீட்டு வருவார். 'நம்ம பொருள்தான், ஆனா நம்ம பொருள் இல்லை' என்பார். இங்கே ஒரு மணி நேரத்தில் கடையில் வாங்கி வந்துவிட முடிகிறது. அதனாலேயே விதிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவை இருபது டாலர்ச் சாமானில் ஒளிந்திருக்கின்றன.

இனி மச்சினன் விஷயம். அன்று ஆலன் கீ கிடைத்திருந்தால் திருகியிருப்பவன் அவன்தான், எனக்கு இந்த வேலையெல்லாம் கை வராது. அவன் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறான். குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம், ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் அதில் சேர்த்தி. மாணவர் விசாவுக்கும் இதே கதைதான். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை கிடையாது. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. அலுவலகத்தில் 'டீம் அவுட்டிங்' என்று ரேஞ்சுக்குக் கூட்டிப்போகிறார்கள், படம் எடுத்துப் போடுகிறார்கள், விசாவைக் கையில் பிடித்துக்கொண்டு. விலக்குகள் உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதில் ஒன்று. அதற்காகவே இணையத்தில் வேட்டை உரிமம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கரப்பான்பூச்சியைக்கூடத் துடைப்பத்தால் தள்ளி வெளியே விடுகிற மச்சினன் மான் வேட்டை உரிமத்தோடு நிற்பதை யோசித்துப் பார்த்தேன். அவன் குடியேற்ற வழக்கறிஞரிடமே கேட்டுவிட்டான். வேண்டாத வம்பு என்று ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது.

கைப்பிடியைத் திருப்பி அனுப்பிவிட்டோம். காரணம் கேட்ட பட்டியலில் 'சட்டப்படி குற்றம்' என்று ஒரு கட்டம் இல்லை, 'அளவு பொருந்தவில்லை' என்பதை அழுத்தினான். பிஸ்கட் டப்பா பிற்பாடு வெட் கிரைண்டருக்குப் பின்னால் கிடைத்தது, ஏழு ஆலன் கீயோடு.

ஜனவரியில் வரி போன செய்தி வந்ததும் ஃபோன் செய்தான். "அத்தான், இப்ப ஜீரோவாமே. ஃபார்மைப் போட்டு மாட்டிரலாமா?"

"வேண்டாம் மாப்ளே. துப்பாக்கியில என் பேரைச் செதுக்கற அளவுக்கு அந்தப் பிடி ஒண்ணும் செய்யாது."

"சரி, நான் எப்பதான் வந்து சுடுறது?"

"கார்டு வரட்டும், முதல் மேகசின் உனக்குத்தான்."

அவனுடைய பிரையாரிட்டி டேட், அதாவது கிரீன் கார்டு வரிசையில் அவன் இடம் பிடித்த தேதி, 2018. வரிசை எதுவரை நகர்ந்திருக்கிறது என்று மாதாமாதம் வரும் விசா புல்லட்டினை அவன் பார்ப்பதை நிறுத்தி ஒரு வருஷமாகிறது.